எப்போதும் அந்தி சாயும் 1958

யோக்கோஹாமாவில் ராமென் நூடுல்ஸுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1994இல் திறந்தார்கள். படியிறங்கி நிலவறைக்குப் போனால் ஒரு பழைய தெரு. மரச்சுவர்க் கடைகள், துருப்பிடித்த தகர விளம்பரங்கள், சினிமாப் பலகைகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள். மேலே கூரையில் அந்தி வானம் தீட்டியிருக்கிறது. பட்டப்பகலில் போனாலும் அங்கே பொழுது சாய்ந்துகொண்டுதான் இருக்கும். ஆண்டு எப்போதும் 1958.

உலகின் முதல் உடனடி நூடுல்ஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஆண்டு அது. நூடுல்ஸ் அருங்காட்சியகத்துக்கு அந்தக் காரணம் போதும். ஆனால் அந்த வருஷத்தின் மேல் ஜப்பானியர்களுக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. 333 மீட்டர் டோக்கியோ கோபுரம் கட்டி முடிந்தது அந்த டிசம்பரில்தான். பாதி எழும்பிய கோபுரத்தைப் பின்னால் வைத்து, ஒரு தெருவின் குடும்பங்களைப் பற்றி 2005இல் வந்த திரைப்படம் சக்கைப்போடு போட்டது. தெற்கே ஓயிட்டா மாகாணத்தில் புங்கோ-தகாதா என்ற சிற்றூர், ஆள் நடமாட்டம் குறைந்துபோன தன் கடைத்தெருவை 2001 முதல் 'ஷோவா ஊர்' என்று மாற்றிக்கொண்டது. பேரரசர் ஹிரோஹிட்டோ ஆண்ட 1926 முதல் 1989 வரையான காலத்துக்கு ஷோவா என்று பெயர். ஆனால் ஏக்கத்தோடு பேசும்போது ஜப்பானியர் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது அதில் ஒரு துண்டு மட்டும்: 1955க்கும் 1964க்கும் இடைப்பட்ட பத்து வருஷம்.

இந்த இடங்களிலெல்லாம் ஒரு சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும்: 'நட்சுகஷீ'. பழைய பொருளையோ பழைய பாட்டையோ எதிர்பாராமல் சந்திக்கும்போது ஜப்பானியர் வாயில் தானாக வரும் சொல். எழுபது வயதுக்காரர் சொன்னால் புரிகிறது. இருபது வயதுப் பிள்ளையும் அதையே சொல்கிறது. பிறப்பதற்கு நாற்பது வருஷம் முந்தைய தெருவை நினைத்து ஒருவர் எப்படி ஏங்க முடியும்?

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் இதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர். 1688இல் பாசல் நகரத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய சொல் அது. வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். அவருக்கு அது ஒரு நோய். ஊரைவிட்டுத் தொலைவில் இருந்த சுவிட்சர்லாந்துக்காரர்கள் சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல் மெலிந்து போனதற்கு அவர் வைத்த பெயர். ஊருக்கு அனுப்பினால் குணமாகிவிடும்.

பிறகு இந்தச் சொல் மருத்துவரிடமிருந்து கைமாறி எல்லோருக்கும் பொதுவானது. கூடவே பொருளும் நகர்ந்தது. முன்பு ஓர் இடத்துக்காக ஏங்கினார்கள், இப்போது ஒரு காலத்துக்காக ஏங்குகிறோம். இடத்துக்கு டிக்கெட் எடுக்கலாம், காலத்துக்கு முடியாது. அதனால்தான் நிலவறையில் தெரு கட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் இதற்குச் சிலர் கழிவிரக்கம் என்று எழுதுகிறார்கள். கழிவிரக்கத்தில் செய்துவிட்ட ஒன்றுக்காக வருந்தும் தொனி இருக்கிறது, அது வேறு உணர்ச்சி. நினைவேக்கம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

நினைவேக்கத்தில் சொந்தம் உண்டு, கடனும் உண்டு. சொந்தம் எளிது. ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1947 முதல் 1949 வரை மூன்றே வருஷத்தில் ஜப்பானில் ஏறத்தாழ 80 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். 'தான்காய்' தலைமுறை, அதாவது 'கட்டித் தலைமுறை', என்று அவர்களைச் சொல்வார்கள். கோபுரம் எழும்பியபோது அவர்களுக்குப் பத்து வயது. 2005இல் அந்தத் திரைப்படம் வந்தபோது அறுபதை நெருங்கி, வேலையிலிருந்து ஓய்வுபெறத் தயாராக இருந்தார்கள். ஒரு நாட்டின் ஆகப் பெரிய தலைமுறைக்கு ஒரே சமயத்தில் பிள்ளைப்பருவம் நினைவுக்கு வந்தால், அது சந்தையாகத்தான் மாறும்.

கடன் நினைவேக்கம் இன்னும் சுவாரசியமானது. அது படங்கள் வழியாக வருகிறது. அவை காட்டும் காட்சி எப்போதும் ஒன்றுதான்: தாத்தா பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூரையின் கீழ். நடுவில் காலை மடக்கி ஓரமாக வைத்துவிடக்கூடிய 'சாபுடாய்' என்னும் குட்டையான வட்ட மேசை, அதைச் சுற்றி எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் தொலைக்காட்சி, மொத்தத் தெருவும் அங்கே கூடியிருக்கிறது. கையில் காசில்லை, மனசு நிறைந்திருந்தது என்று பின்குரல் சொல்லாத குறை.

இந்தக் காட்சியை வாராவாரம் புதுப்பிக்கிற ஒரு வீடு இருக்கிறது. 'சசாயே-சான்' என்ற கேலிச்சித்திரத் தொடர் 1946இல் ஃபுக்குவோக்காவின் ஒரு மாலைப் பத்திரிகையில் தொடங்கியது. பத்திரிகையில் 1974இல் நின்றுபோனாலும், 1969 அக்டோபரில் அசைபடத் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்தது இன்னும் நிற்கவில்லை. ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஏழு பேர் கொண்ட அந்தக் குடும்பம் வட்ட மேசையைச் சுற்றி உட்காரும். கைபேசி நுழையாத வீடு அது. குழந்தைகளுக்கு வயதும் ஏறுவதில்லை. அது முடிந்ததும் நாளை திங்கட்கிழமை என்று வயிற்றைக் கலக்குவதற்கு ஜப்பானில் 'சசாயே-சான் நோய்க்குறி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் பார்த்தால் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: மருமகன் மசுவோ, மாமனார் வீட்டோடு மாப்பிள்ளை. ஜப்பானிலும் அது சாதாரண வழக்கமில்லை. பெண் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை பெரும்பாலும் அந்தக் குடும்பத்துக்குத் தத்தாகப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொள்வார். மசுவோ தன் குடும்பப் பெயரை விடவில்லை. பிறகு ஏன் அங்கே இருக்கிறார்? விடை பழைய பத்திரிகைக் கீற்றுகளில் இருக்கிறது. புதுமணத் தம்பதி முதலில் தனியாக ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். அடுப்பெரிக்க விறகு இல்லை. மசுவோ வேலியை ரம்பத்தால் அறுத்து விறகாக்கினார். வேலி வீட்டுக்காரருடையது. சண்டை வந்தது, மூட்டை கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சிரிப்பதற்காக எழுதியதுதான். ஆனால் போர் முடிந்தபோது ஜப்பானில் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று அரசு கணக்கிட்டது. நகரங்கள் எரிந்து கிடந்தன. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்ததில் பாசம் கொஞ்சம், வேறு கூரை இல்லாதது கொஞ்சம். இன்று கூட்டுக்குடும்பத்தின் சின்னமாகக் கொண்டாடப்படும் வீடு, விறகுத் தட்டுப்பாட்டாலும் வீட்டுத் தட்டுப்பாட்டாலும் உருவான வீடு. அதை வரைந்த ஹசெகாவா மச்சிகோ கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மாவோடும் சகோதரிகளோடும் வாழ்ந்தவர். அக்காவும் அவருமாகச் சேர்ந்து பதிப்பகம் தொடங்கித் தங்கள் புத்தகங்களைத் தாங்களே விற்றார்கள். நாட்டுக்கே மாதிரிக் குடும்பத்தை வரைந்து கொடுத்தவரின் வீடு அப்படி இருக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

அப்புறம் அந்த வட்ட மேசை. தொன்றுதொட்டு வந்த மரபு போலத் தோன்றும். உண்மையில் அது ஜப்பானிய வீடுகளில் பரவியது இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில்தான். அதற்கு முன் ஆளுக்கொரு சின்னப் பெட்டி. அதற்குள்ளேயே அவரவர் கிண்ணமும் குச்சியும் இருக்கும். மூடியைத் திருப்பிப் போட்டால் அதுவே தட்டுமேடை. யார் எங்கே உட்காருவது என்பதில் வரிசை உண்டு, சாப்பிடும்போது பேசுவது மரியாதைக் குறைவு. வட்ட மேசை வந்த பிறகும் பேசாமல் சாப்பிடு என்பது பல வீடுகளில் சட்டமாக நீடித்தது. கலகலவென்று பேசிக்கொண்டே சாப்பிடும் குடும்பம் ஜப்பானில் ஒரு புது வழக்கம். கோபம் வந்தால் மேசையை அப்படியே புரட்டிப் போடும் அப்பாவும் இந்த நினைவேக்கத்தின் ஒரு நகைச்சுவைப் பாத்திரம். பாயில் சிந்திய சோற்றையும் குழம்பையும் யார் துடைத்தார்கள் என்பதை எந்தச் சித்திரத்திலும் காட்டியதாகத் தெரியவில்லை.

தொலைக்காட்சிக்கு வருவோம். 1953இல் ஒளிபரப்பு தொடங்கியபோது ஜப்பானில் தயாரான முதல் பெட்டியின் விலை 1,75,000 யென். பள்ளிப்படிப்பு முடித்து அரசு வேலைக்குச் சேர்ந்தவரின் முதல் சம்பளம் மாதம் 5,400 யென். சாப்பிடாமல் சேர்த்தாலும் 32 மாதச் சம்பளம். ஆகவே பட்டத்து இளவரசரின் கல்யாணத்தையும் மல்யுத்தத்தையும் பார்க்கத் தெரு முழுக்க ஒரு வீட்டில் கூடியதில் அதிசயம் இல்லை. கூடியவர்கள் ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்: நம் வீட்டுக்கு எப்போது? கல்யாணம் நடந்தது 1959 ஏப்ரல் 10. அதையொட்டித் தொலைக்காட்சி உரிமங்கள் 20 லட்சத்தைத் தாண்டின. வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிட்டார்கள், அக்கம்பக்கத்தார் கூடுவதும் குறைந்துவிட்டது. அதை யாரும் தடுக்கவில்லை.

திறந்த கதவும் அப்படித்தான். மரமும் காகிதமும் கொண்ட, கதவை இழுத்து மூடும் வீட்டை வெளியிலிருந்து ஒழுங்காகப் பூட்டுவது கடினம். அதனால் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தாக வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு 'ருசுபான்' என்று தனிச்சொல்லே உண்டு. அந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கதவு திறந்திருந்தது என்று பையன் நினைத்து உருகுகிறார். கதவு திறந்திருந்ததால் அம்மா எங்கும் போகவில்லை.

அந்த அம்மாவின் காலைப்பொழுதைக் கொஞ்சம் பார்ப்போம். மின்சார அரிசிக் குக்கர் 1955 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. அதுவரை விடியும் முன்பே எழுந்து, மண்ணடுப்பைப் பற்றவைத்து, தீயைக் கூட்டிக் குறைத்துச் சோறு ஆகும்வரை அதன் முன்னாலேயே இருக்க வேண்டும். குக்கரை உருவாக்கும் வேலையை ஒரு பெரிய நிறுவனம், மினாமி யோஷிதாதா என்ற சிறு பட்டறைக்காரரிடம் ஒப்படைத்தது. ஆனால் நாள்தோறும் சோறு வடித்து, வெப்பத்தைக் குறித்து, மறுபடி வடித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. ஏறத்தாழ மூன்று வருஷம் ஓடியது.

கடைசியில் கண்டுபிடித்த வழி அழகானது. பாத்திரத்துக்கு வெளியே இன்னொரு பாத்திரம், இடையில் அளந்து ஊற்றிய தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. சுமார் இருபது நிமிஷத்தில் வற்றிவிடும். வற்றியதும் வெப்பம் சட்டென்று ஏறும், இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அதற்குள் சோறு ஆகியிருக்கும். மண்ணடுப்பில் பொங்கிய சோற்றின் மணத்துக்கு இன்று ஏங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மணம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் குக்கர் வந்ததும் அடுப்படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் காட்சிக்கு வெளியே விடப்பட்டவை நிறைய. 1948இல் அரசு எடுத்த கணக்கில், ஒகினாவாவைச் சேர்க்காமலே, பெற்றோரை இழந்த குழந்தைகள் 1,23,511 பேர். அவர்களும் 'போருக்குப் பிந்தைய பிள்ளைகள்'தான். 1954 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் வடகிழக்கு மாகாணங்களிலிருந்து தனி ரயில்கள் டோக்கியோவின் உயேனோ நிலையத்துக்கு வந்தன. நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு வந்தார்கள். 'தங்க முட்டைகள்' என்று செல்லப்பெயர் வேறு. அவர்களுக்குக் குடும்ப வாழ்க்கை என்பது ஊரிலிருந்து வரும் கடிதம். குளிர்காலம் வந்தால் அதே ஊர்களின் அப்பாக்களும் நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். 1955இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 40 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை, இன்று அது இரண்டு பேர் அளவில். போருக்குப் பின் ஜப்பானில் அதிகக் கொலைகள் பதிவான ஆண்டு 1954: மூவாயிரத்துக்கும் மேல். இன்று மக்கள்தொகை கூடியும் ஆயிரத்துக்குள்தான்.

சரி, அப்படியானால் இந்த ஏக்கம் பொய்யா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், எனக்கு அதில் உடன்பாடில்லை. ரஷ்யாவில் பிறந்து ஹார்வர்டில் இலக்கியம் கற்பித்த ஸ்வெட்லானா பாய்ம், நினைவேக்கத்தை வேறு விதமாகப் பிரித்தார். ஒரு வகை, பழையதை அப்படியே மீட்டெடுக்கப் பார்ப்பது. அது தன்னை ஏக்கம் என்று ஒப்புக்கொள்ளாது, உண்மை மரபு என்று சொல்லிக்கொள்ளும். பெண்கள் பழையபடி வீட்டில் இருந்தால் குடும்பம் பிழைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இருப்பது இது. மற்றது, திரும்ப முடியாது என்று தெரிந்தே அந்த ஏக்கத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது. நிலவறைத் தெருவில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறி ரயில் பிடிப்பவர் பெரும்பாலும் இரண்டாம் வகை.

ஏக்கம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதையும் கவனியுங்கள். 1958இல் இருந்த எல்லாவற்றுக்கும் யாரும் ஏங்குவதில்லை. அள்ளிச் சுத்தம் செய்யும் குழிக் கழிப்பறைக்கு ஏங்கும் ஓர் ஆளை நான் இதுவரை படித்ததில்லை. இன்று எது இல்லையோ, அதன் அளவுக்குக் கத்தரித்து எடுத்த துண்டுக்குத்தான் ஏங்குகிறோம். ஆகவே ஒருவருடைய நினைவேக்கத்திலிருந்து அவருடைய பழைய காலத்தைத் தெரிந்துகொள்வது கடினம். அவருடைய இன்றைய நாள் எப்படிப் போகிறது என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இருபது வயதுப் பிள்ளையின் கடன் ஏக்கமும் இதனால்தான் புரிகிறது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிறது, அடுத்த வருஷம் இதைவிட நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பாதி எழும்பிய கோபுரம் அந்த நம்பிக்கையின் அடையாளமாகத்தான் நிற்கிறது.

அந்த நம்பிக்கை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு முகவரியே இருக்கிறது. 1955இல் ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் தொடங்கி, 'டான்ச்சி' என்னும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. சாபுடாய் தெருவில் வாழ்ந்த இளம் தம்பதிகள் கனவு கண்டது இதைத்தான். இரண்டு அறை, மேசை நாற்காலி போட்டுச் சாப்பிட ஒரு சமையலறை, எவர்சில்வர் தொட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை, வீட்டுக்குள்ளேயே குளியலறை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒற்றைச் சாவியில் பூட்டிக்கொள்ளும் இரும்புக் கதவு. மாமியார் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். குலுக்கலில்தான் வீடு கிடைக்கும். ஹிபாரிகாவோக்கா டான்ச்சிக்கு 1960இல் பட்டத்து இளவரசர் தம்பதியே வந்து ஒரு மாடி முகப்பில் நின்று பார்த்தார்கள். அந்த முகப்பை மட்டும் இப்போது பெயர்த்தெடுத்து நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

டோக்கியோவுக்குக் கிழக்கே மட்சுதோ நகரில் தொக்கிவாதாய்ரா என்ற டான்ச்சி. 1960இல் குடியேறத் தொடங்கினார்கள், ஏறத்தாழ 4,800 வீடுகள். ஊர் அருங்காட்சியகத்தில் அதன் வீடு ஒன்றை 1962இல் இருந்தபடி முழு அளவில் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் 'நட்சுகஷீ' என்கிறார்கள். தெருவை விட்டு ஓடிவந்த இடமும் இப்போது ஏக்கத்துக்குரிய இடமாகிவிட்டது.

அருங்காட்சியகத்துக்கு வெளியே அந்த டான்ச்சி இன்னும் இருக்கிறது. இளம் தம்பதிகள் முதியவர்களானார்கள், பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போனார்கள், துணையை இழந்தவர்கள் தனியானார்கள். 2000ஆம் ஆண்டில், அங்கே தனியாக வாழ்ந்த 69 வயது மனிதர் ஒருவரின் எலும்புக்கூட்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாடகையும் மின்கட்டணமும் வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சேமிப்பு தீர்ந்து பணம் நின்ற பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

அதே டான்ச்சியில் தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி, எதிர்க் கட்டடத்துப் பெண்மணியிடம் ஓர் உதவி கேட்டு வைத்திருந்தார். சாயங்காலம் சன்னலின் காகிதத் திரையை மூடுவேன், காலையில் எழுந்ததும் திறப்பேன், தினமும் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்துவிடுங்கள். மூடியே இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.